சத்தமே வராத தெர்மாமீட்டர்

இருபத்திரண்டு வருஷமாக எனக்கு மைக்செட் தொழில். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் என் ஸ்பீக்கர் பெட்டிகள் குறைந்தது நாலு அங்கே நிற்கும். பத்து பாக்ஸ் ஒன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போது அதில் எது கரகரக்கிறது என்று பந்தலுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிடுவேன். "அண்ணனுக்குக் காது அப்படி" என்று தொழிலில் இருக்கிறவர்கள் சொல்வார்கள். நானும் இல்லை என்று மறுத்ததில்லை. இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த தப்புக்கு அதுதான் காரணம்.

வீடு பள்ளத்தூரில். நான், என் மனைவி, ஒரே மகள். மனைவி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. டிவி வைத்தால் தெருமுனைக்குக் கேட்கும். "மைக்செட்டு வீட்டுல மைக்கை அமத்தவே மாட்டீகளா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். தொழில் அப்படி என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

மகளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. கால் வலிக்கிறது என்றாள், முகம் வெளுத்தது, பல் ஈறில் ரத்தம் வந்தது. காரைக்குடியில் ரத்தம் சோதித்த டாக்டர் அன்றைக்கே மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டார். பெட்டி ஏற்றும் வேனிலேயே திருப்பத்தூர், மேலூர் வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இந்த நோய் வந்த பிள்ளைகளில் நிறையப் பேர் குணமாகி வளர்ந்து ஆளாகிவிடுகிறார்கள் என்று மதுரை டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வைத்தியத்தைத் தொடங்கினோம்.

டாக்டரம்மா முதல் வாரத்திலேயே இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று காய்ச்சல். மருந்து ஏற ஏற ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நேரத்தில் காய்ச்சல் நூறு புள்ளி நாலைத் தொட்டால், அது எந்த நேரமாக இருந்தாலும், உடனே கிளம்பி வந்துவிட வேண்டும். இன்னொன்று காது. அப்படிக் காய்ச்சலோடு வரும்போது கிருமியை அடக்க ஊசி மருந்து ஏற்றுவார்கள். அதில் ஒன்று சில பிள்ளைகளுக்குக் காதைப் பாதிக்கும். "உயிரைக் காப்பாத்த அது தேவைப்படும். ஆனா காது விஷயத்துல சின்ன வித்தியாசம் தெரிஞ்சாலும் சொல்லிருங்க, மாத்தறதுக்கு வேற மருந்து இருக்கு" என்றார். ஆரம்பத்தில் ஒரு காது பரிசோதனையும் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சில மாதம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும் என்று சீட்டில் குறித்துக் கொடுத்தார்கள்.

முதல் நாலு மாதம் மனைவி லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள். தெர்மாமீட்டர் அப்போது அவள் கையில். மகளின் அக்குளில் வைப்பாள். அளந்து முடிந்து பீப் சத்தம் வந்ததும் மகளே எடுத்துக் கொடுத்துவிடுவாள். அந்த நாலு மாதத்தில் இரண்டு தடவை காய்ச்சலில் போய்ப் படுத்து, அந்த ஊசி போட்டு, நல்லபடியாகத் திரும்பினோம்.

ஐந்தாம் மாதம் மனைவி வேலைக்குத் திரும்பினாள். என் வேலை சாயங்காலங்களில்தான் என்பதால் பகலில் நான் பொறுப்பு. தெர்மாமீட்டரை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று வேளையும் நான்தான் பார்ப்பேன், நோட்டில் நான்தான் எழுதுவேன், வேறு யாரையும் தொட விடமாட்டேன். என் மிஷினை அடுத்தவர் தொட்டால் எனக்கு எப்போதுமே ஆகாது.

இரண்டாம் நாளே அதில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தேன். சத்தம் வரவில்லை. மகளின் அக்குளில் வைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம், உட்கார்ந்திருக்கிறோம், ஒன்றும் வரவில்லை. எடுத்துப் பார்த்தால் எண் மட்டும் சரியாக நிற்கிறது. என் காதோரம் வைத்துப் பார்த்தேன். பேட்டரியை மாற்றினேன். "உள்ள இருக்குற பஸ்ஸர் போயிருச்சுத்தா" என்று மகளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அதை டூல்ஸ் பெட்டியில் போட்டுவிட்டு, கடையில் புதிது ஒன்று வாங்கினேன். அதிலும் சத்தம் வரவில்லை. இப்போது வருகிற சரக்கே இப்படித்தான் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு வந்தேன். அப்புறம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி மினுக்கிக்கொண்டிருக்கும், அது நின்றால் எடுக்கலாம் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அதை உடனே பழகிக்கொண்டாள். என் மகள் புத்திசாலி என்று அதற்கும் ஒரு பெருமை.

அதற்குப் பிறகு மூன்றாவது தடவை காய்ச்சல் வந்தது. போனோம், ஊசி ஏறியது, ஒரு வாரத்தில் வந்துவிட்டோம். வீட்டுக்குப் போகும்போது, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த மாதம்தான் என் மனைவி முதலில் சொன்னாள். மகளுக்குப் பொழுது போக வேண்டும் என்பதற்காக, குக்கர் விசிலை எண்ணிச் சொல்லும் வேலையைக் கொடுத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பருப்பு அடிப்பிடித்துப் புகைந்துவிட்டது. மகள் அடுப்படிக்கு அடுத்த அறையில்தான் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு விசிலும் வரவில்லை என்று சத்தியம் செய்தாள்.

"இவளுக்குக் காது மந்தமா இருக்குங்க. நான் மாஸ்க் போட்டுக்கிட்டுக் கூப்பிட்டா முழிக்கிறா. மாஸ்க்கக் கழட்டிட்டுச் சொன்னாப் பதில் சொல்றா. வாயப் பாத்துக்கிட்டு இருக்கா. அங்கன்வாடியில இப்படி ஒரு பிள்ளைய நான் பாத்திருக்கேன்" என்றாள் மனைவி.

எனக்குக் கோபம் வந்தது. ஏற்கெனவே இவ்வளவு இருக்கும்போது இன்னும் ஒன்றா என்ற பயம்தான் கோபமாக வந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது, "காதப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா? இரு, இப்பவே காட்டுறேன்" என்று கத்தினேன்.

சின்ன ஆம்ப்ளிஃபயரையும் ஒரு பாக்ஸையும் கொண்டுவந்து ஹாலில் வைத்தேன். மகளை அதற்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றேன். மைக்கோடு நான் உள் அறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டேன். "ஹலோ, மைக் டெஸ்ட், ஒண்ணு, ரெண்டு, மூணு." கை தூக்கினாள். ஒயர் வைத்த ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்தேன். கை தூக்கினாள். இன்னும் குறைத்தேன். பாக்ஸிலிருந்து வருவது எனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்தபோதும் அந்தச் சின்னக் கை மேலே போனது.

"பாத்தியா?" என்றேன்.

மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "அது உங்க குரலுங்க. தூரத்துல டிராக்டர் வர்ற மாதிரிக் குரல். அவ கேக்காம விடுறது என் குரலையும் விசிலையும். உங்களுக்கு ஏன் இது புரிய மாட்டேங்குது?"

எனக்குப் புரியவில்லை. தடித்த சத்தமான பேஸ் வேறு, கீச்சுச் சத்தமான டிரெபிள் வேறு என்று இருபத்திரண்டு வருஷமாகக் குமிழைத் திருகிப் பிழைக்கிறவன் நான். சொன்னது மனைவி என்பதால் காதில் ஏற்றிக்கொள்ளவில்லை. இந்தத் தைரியத்தில் இன்னொன்றும் செய்தேன். சீட்டில் குறித்திருந்த இரண்டாவது காது பரிசோதனைக்குப் போன அன்று அந்த அறை வாசலில் கூட்டமாக இருந்தது. எனக்குச் சாயங்காலம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வரவேற்பு. நான்தான் வீட்டிலேயே பார்த்துவிட்டேனே என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறோம் என்று வாசலில் இருந்தவரிடம் சொன்னேன். மனைவியிடம் சொல்லவில்லை.

அப்புறம் நாலாவது காய்ச்சல். அதற்கும் அதே ஊசி. ஐந்தாவது காய்ச்சலில் விஷயம் வெளியே வந்தது.

வார்டில் ஒரு காலை நேரம். நர்ஸ் வந்து மகளின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மனைவி கேன்டீனில் இட்லி வாங்கப் போயிருந்தாள். நானும் மகளும் மினுக்குகிற குறியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது நின்றதும் மகள் எடுத்துக் கொடுத்தாள். "என்ன சிஸ்டர், ஆஸ்பத்திரியிலயும் இந்தச் சரக்குத்தானா? எங்க வீட்டுல ரெண்டு வாங்குனேன், ரெண்டுலயும் சத்தமில்ல. இதுலயும் இல்ல" என்று பெரிதாகச் சொன்னேன்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தார். "அடிச்சுச்சே சார். நான் இங்கருந்தே கேட்டேன்."

"இல்ல சிஸ்டர், அடிக்கல."

பக்கத்துக் கட்டில் பையனின் அம்மாவும், "அடிச்சுச்சுண்ணே" என்றார். அந்தப் பையனும் தலையாட்டினான். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், யார் என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நர்ஸ் இன்னொரு தடவை வைத்தார். நான் குனிந்து கிட்டத்தில் காதை வைத்துக்கொண்டேன். எண் நின்றது. நர்ஸ், "இப்ப" என்று விரலைக் காட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மனைவி இட்லிப் பொட்டலத்தோடு கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குமா?" என்றாள். பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு நேரே டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

அன்றைக்கே அந்த ஊசியை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார்கள். காய்ச்சல் விட்டதும் காது பரிசோதனை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் மகளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பரிசோதனை செய்த பெண் மிஷினைத் திருகத் திருக, தாளில் புள்ளி விழுந்தது. தாளின் இடது பக்கம் புள்ளிகள் மேலேயே வந்தன. வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கின. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டிரெபிளை யாரோ குறைத்து வைத்திருந்தார்கள்.

"இங்குட்டு பேஸ், அங்குட்டு டிரெபிள், அதானேம்மா?" என்றேன்.

"ஆமா சார். கரெக்டாச் சொல்றீங்களே, என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அந்தப் பெண் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்களும் கொஞ்சம் உள்ள உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். என் தாளும் வந்தது. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு கோடும் அதே இடத்தில் சரிந்தன, என்னுடையது அவளுடையதைவிட ஆழமாக. மகளுக்கு மருந்து செய்ததை எனக்கு என் பெட்டிகள் செய்திருந்தன. வீட்டில் எல்லோரும் ஏன் கத்திப் பேசினார்கள் என்றால், எனக்குக் கேட்பதற்காகத்தான்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த ஊசியால் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, பல காரணம் சேர்ந்திருக்கலாம், முதல் காய்ச்சல்களில் அது தேவைப்பட்டது என்றார். போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அவர் சொல்லாததை நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். தெர்மாமீட்டரை நான் டூல்ஸ் பெட்டியில் போட்டதற்குப் பிறகு இரண்டு காய்ச்சல் முழுதாக அந்த ஊசி ஏறியது. நான் வாயைத் திறந்திருந்தால், குறைந்தது அந்தப் பரிசோதனை வாசலில் காத்திருந்திருந்தால், வேறு மருந்து கொடுத்திருப்பார்கள்.

வராந்தாவில் மகளிடம் கேட்டேன். "வீட்டுல அன்னைக்கு வச்ச டெஸ்ட்டுல எல்லாத்துக்கும் கை தூக்குனியேத்தா?"

"ஆம்ப்ளிஃபயர்ல சின்னதா ஒரு செவப்பு லைட்டு எரியும்ல. நீங்க பேசுறப்ப அது மினுக்கும். அதப் பாத்துத் தூக்குனேன்."

"ஏன்?"

"நீங்க அம்மாவத் திட்டுவீக."

அந்த வராந்தாவிலேயே அழுதேன். ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். மனைவி என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். "அழுகுறத வண்டியில போய் அழுங்க. மொதல்ல காது மிஷினுக்கு அளவு குடுக்கணுமாம்" என்றாள்.

இரண்டு வாரத்தில் மகளுக்குக் காதின் பின்னால் மாட்டும் மிஷின் வந்தது. எனக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பார்க்கலாம் என்றேன். ஜூன் மாதம் அவள் பள்ளிக்கூடம் திரும்ப வேண்டும். காதில் ஒன்றும் மாட்டாமல் போனால் வகுப்பில் பாதிப் பாடம் அவளுக்கு வெறும் முனகலாகத்தான் கேட்கும். ஆனால் மிஷின் டப்பாவிலேயே கிடந்தது. "தலையில முடியே இல்ல, இத மாட்டுனா நல்லாத் தெரியும். மாட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். கெஞ்சினேன், பொம்மை வாங்கித் தருவதாகச் சொன்னேன், கடைசியில் என் பழைய குணப்படி அதட்டினேன்.

"நீங்க மட்டும் மாட்டலேல்ல?" என்றாள்.

அதற்குக் காரணம் ஒன்று இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. காதில் மிஷின் மாட்டிய மைக்செட்காரனை யார் கூப்பிடுவார்கள்? அந்தப் பயத்தில்தான் மூன்று வாரம் தள்ளிக்கொண்டிருந்தேன். அவளும் என்னைப் போலவே தள்ளினாள். மறுவாரம் மதுரைக்குப் போய் எனக்கும் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

முதல் வேலை குன்றக்குடியில் ஒரு காதுகுத்து. பெட்டிகளை இறக்கும்போதே பிள்ளையின் தாய்மாமன் பார்த்துவிட்டார். "என்னப்பா, மைக்செட்டுக்காரனுக்கே காது கேக்கலையா?" என்றார். பந்தலே சிரித்தது. "ஆமாண்ணே, இத்தனை வருசமா ஒங்களுக்குப் பாட்டுப் போட்டதுல வந்த வினை" என்றேன். நானும் சேர்ந்து சிரித்தேன், அவ்வளவு கஷ்டமாக இல்லை. பாட்டைப் போட்டதும்தான் பயந்துபோனேன். என் கையே பழக்கத்தில் டிரெபிளை எங்கேயோ உச்சத்தில் கொண்டுபோய் வைத்திருந்தது. காது கூசியது. ஊர்க்காரர்கள் இத்தனை வருஷம் இதைப் பொறுத்துக்கொண்டா சாப்பிட்டார்கள்? பாதிக்குக் கீழே இறக்கினேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "இன்னைக்குத்தான் தம்பி நல்லா வச்சிருக்கீக" என்றார். அடுத்த முகூர்த்தத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன், தாய்மாமன் சொன்னது உட்பட. மறுநாள் காலை அவள் எழுந்து வந்தபோது இரண்டு காதிலும் மிஷின் இருந்தது. அடுப்படியில் மனைவி பாத்திரத்தைப் போட்டதும், "அம்மா, மெதுவா" என்று அதட்டினாள்.

எட்டு மணிக் காய்ச்சல் பார்க்கும் நேரம். புது தெர்மாமீட்டரைத் தேடினேன், ஆஸ்பத்திரிப் பையில் எங்கேயோ கிடந்தது. டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். ஸ்க்ரூ டிரைவர்களுக்கு அடியில் பழையது இருந்தது, நான் கெட்டுப்போச்சு என்று போட்டது. துடைத்து மகளின் அக்குளில் வைத்தேன். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மெல்லிசாக, கொசு மாதிரி, அது அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விட்டுவிட்டு அடித்தது. அவள் பரிசோதனை அறையில் செய்வதுபோலக் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.

தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. காய்ச்சல் இல்லை. நோட்டில் எழுதினேன்.

"இது கெட்டுப்போகவே இல்லத்தா" என்றேன்.

அவள் தெர்மாமீட்டரைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுப்பா. மொதல்லல்லாம் கேக்கும், அப்புறம் கேக்கல. எனக்குத்தான் காது போச்சுன்னு நெனச்சேன். அம்மாகிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்." அதை என்னிடம் நீட்டிக்கொண்டே, "அப்புறம் நீங்க பஸ்ஸர் போயிருச்சுன்னு சொன்னீகளா, எனக்குச் சந்தோசமாப் போச்சு" என்றாள்.